நாலு விரல் நகர்ந்த விளக்கு

மீன் தொட்டிக் கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்ததும் அவள் முதலில் சந்தேகப்பட்டது மீன் கடைக்காரனைத்தான். யாரையாவது சந்தேகப்படாமல் அவளால் ஒரு பொழுதும் சும்மா இருக்க முடியாது என்று அவள் கணவன் சொல்வான். அது அபாண்டம். காலையில் எழுந்து பல் தேய்த்து முடிக்கும்வரை அவள் சும்மாதான் இருப்பாள்.

நூலுக்குச் சாயம் போடுகிற ஆலையில் ஷேடு பார்க்கிற வேலை அவளுக்கு. வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத் துணியின் நிறமும், ஆலையில் முக்கியெடுத்த நூலின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு லேசான வேலை. ஆனால் டியூப்லைட்டில் அக்கா தங்கை மாதிரி ஒட்டி நிற்கிற இரண்டு நீலம், பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஒரு பெட்டிக்குள் மூன்று வகை விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றிலும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒரு விளக்கில் பார்த்துவிட்டுக் குறை சொன்னால் சாய மாஸ்டர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பதினோரு வருஷத்தில் அவள் சொன்ன சொல் ஒன்றுகூடத் தப்பியதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் 'கழுகு' என்பார்கள். அவளுக்கு அது தெரியும். வெளியே கோபித்துக்கொள்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லையே தவிர, உள்ளுக்குள் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் மீன் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போனால் கடைக்காரன் என்ன பாடு பட்டிருப்பான்! ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. கைப்பையில் ஷேடு அட்டையை வைத்துக்கொண்டு போனாள். நாற்பது நிறத்தில் நூல் சுற்றிய அட்டை. கடைக்காரன் எடுத்த எடுப்பில் நீலமும் ரோஜா நிறமும் கலந்து எரிகிற ஒரு விளக்கைப் போட்டுக் காட்டினான்.

"பாருங்க மேடம், இதுல மீனெல்லாம் தகதகன்னு இருக்கும்."

"மீன் தகதகங்குதா, உங்க லைட்டு தகதகங்குதா?" என்று கேட்டு, அட்டையை விளக்குக்குக் கீழே நீட்டினாள். "என் சிவப்பு நூலக் கத்திரிக்காய் ஆக்கிடுச்சு பாருங்க. இதை நம்பி மீன் வாங்கினா, வீட்டுக்குப் போய் அது என்ன கலர்னே தெரியாது."

மஞ்சளாக எரிந்தது வேண்டாம் என்றாள். ரொம்ப வெள்ளையாக எரிந்ததில் மீன்கள் நோயாளியாகத் தெரிகின்றன என்றாள். ஐந்தாவதாகக் காட்டிய விளக்கில்தான் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் நின்றன. பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வருகிற வெள்ளை. தொட்டியின் விளிம்பில் இரண்டு கால் ஊன்றி உட்கார்ந்துகொள்கிற நீளமான பட்டை விளக்கு. கடைக்காரன் அதைக் காகிதத்தில் சுற்றும்போது பெருமூச்சு விட்டதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

விளக்கை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கருவி இருந்தால் அவனுக்கு வேறொன்றும் வேண்டாம். தொட்டியை ஜன்னல் வெயில் படாத சுவரோரமாக வைத்து, ரசமட்டம் போட்டுச் சாய்வு பார்த்து, விளக்கை நட்டநடுவில் நிறுத்தினான். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"நடுவுல வச்சா மீனோட முதுகுலதான் வெளிச்சம் விழுது. நாம பாக்கற பக்கம் இருட்டா இருக்கு. முன்னாடி கொண்டு வாங்க."

"இது போதுமா?"

"இன்னும் ஒரு விரக்கடை."

"நீ பாக்கற பார்வையில லிஃப்ட்டே பயந்து நடுவுல நின்னுடும்" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். தினமும் ஆறு மணி நேரம், சாயங்காலம் ஐந்தரைக்கு எரிந்து பதினொன்றரைக்கு அணைகிற மாதிரி ஒரு டைமரையும் பிளக்கில் செருகினான். செடிக்கு அது போதும், அதற்கு மேல் எரிந்தால் பாசி பிடிக்கும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். ஐந்து மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது பாசி பிடித்துவிட்டது. சும்மா இல்லை, கண்ணாடியில் விரலால் கோலம் போடலாம் போல. அவள் அதைப் பிளேடால் சுரண்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆலையில் திரும்பி வந்த சரக்கைச் சாய மாஸ்டர் முன் வைப்பது போலக் கடைக்காரன் மேஜையில் வைத்தாள்.

"விளக்கு மோசம்" என்றாள்.

அவன் உறையைத் தூக்கிப் பார்த்தான். "விளக்கு நல்லாத்தான் எரிஞ்சிருக்கு மேடம். கொஞ்சம் அதிகமாவே எரிஞ்சிருக்கு. எவ்வளவு நேரம் போடறீங்க?"

"ஆறு மணி நேரம். டைமர் இருக்கு."

"ஆறு மணி நேரத்துல இப்படி வராது. வெயில் படுதா?"

"திரை போட்டிருக்கு. படாது."

"தீனி அள்ளிப் போடறீங்களா?"

"கணக்காத்தான் போடறேன்."

"அப்ப பன்னண்டு மணி நேரமாவது எரிஞ்சிருக்கணும். பகல்ல வீட்ல யாராவது போட்டு விடறாங்களா?"

"பகல்ல வீட்ல ஆளே கிடையாது. நான் எட்டு மணிக்குக் கம்பெனி வேன்ல ஏறிடுவேன். அவர் எட்டரைக்குக் கிளம்பிடுவார்."

கடைக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த ஒரு தொட்டியைப் பார்த்தான். "இல்லைன்னா சரி மேடம்" என்றான்.

அந்த 'சரி' அவளோடு வீட்டுக்கு வந்தது. ராத்திரி சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து கழுகு இறங்கி வேலை பார்க்க ஆரம்பித்தது. முதலில் டைமர். வட்ட முகத்தோடு கடிகாரம் மாதிரி மெதுவாகச் சுற்றுகிற மலிவான டைமர் அது. பிளக்கிலிருந்து பிடுங்கினால் அப்படியே நின்றுவிடும். திரும்பச் செருகும்போது கையால் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கதவைத் திறந்தபோதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் ஐந்தே முக்கால் வரை எரியவில்லை. அதற்கடுத்த நாள் ஐந்து இருபது. யாரோ தினமும் டைமரைப் பிடுங்குகிறார்கள். விளக்கை நேராகச் செருகி எரியவிடுகிறார்கள். பிறகு குத்துமதிப்பாக முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்தது விளக்கு. முன்பக்கத்தில் நேராக நிற்க வேண்டிய பட்டை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. தொட்டியின் விளிம்பில், விளக்கின் கால் நிற்கிற இடத்தில், பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டாள். மறுநாள் கால் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் வைத்தாள். அடுத்த நாள் மூன்று விரல். வெள்ளிக்கிழமை நாலு விரல் நகர்ந்திருந்ததோடு, பட்டையே சாய்ந்து, வெளிச்சம் பாதி தொட்டிக்குள்ளும் பாதி வெளியே வலப்பக்கத்து நாற்காலியின் மேலும் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே செடிகளெல்லாம் அந்தப் பக்கமாகவே வளைந்திருந்தன.

அந்த நாற்காலி கணவனுடையது.

அன்று ராத்திரி அவன் தொட்டிப் பக்கம் பார்த்து, "விளக்கு நேராத்தான் இருக்கா?" என்று கேட்டான்.

"ஏன், நேரா இல்லையா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

பதினான்கு வருஷத்தில் அவன் சும்மா எதையும் கேட்டவனில்லை. நான் எவ்வளவு தூரம் கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஆழம் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். ஒரு விளக்கில் பார்த்துவிட்டுப் பேசுகிறவளா அவள்?

இரண்டாவது விளக்கு துணி துவைக்கும்போது எரிந்தது. லிஃப்ட் கம்பெனிச் சாம்பல் நிறச் சீருடையை ஊறவைத்தால் வாளித் தண்ணீர் கறுத்துவிடும். கிரீஸ், தூசு, இரும்புத் துரு. எத்தனை வருஷமாக அந்தக் கறுப்போடு மல்லுக்கட்டுகிறாள்! அன்றுதான் கவனித்தாள், வாளித் தண்ணீர் தெளிவாக இருந்தது. சட்டையைப் பிழிந்தாள். காலர் மடிப்பில் கொஞ்சம் வியர்வை அழுக்கு, அவ்வளவுதான். நாலு நாளாக இந்தச் சட்டை எந்த லிஃப்ட்டின் பக்கமும் போகவில்லை. நிறம் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்வது நிறத்தைச் சுமக்கிற ஆள்தான்.

அதன்பிறகு அவளுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. சமையலறையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டு. காலையில் அவள் ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு டம்ளர்? தலையணை உறையை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை வந்தது. ஏன் சோப்பு வாசனை வர வேண்டும் என்று கொதித்தாள். முந்தாநாள் அவளேதான் துவைத்துப் போட்டிருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. மீன்கள்கூட மாறிவிட்டிருந்தன. முன்பெல்லாம் ஆள் நிழல் பட்டால் செடிக்குள் ஒளிந்துகொள்ளும். இப்போது வலப்பக்கம் யார் போய் நின்றாலும் கூட்டமாக ஓடி வந்தன. யாரோ பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள்.

அவனோடு இன்னொருத்தி இந்த வீட்டுக்குள் வந்து போகிறாள். தனக்குள் நேராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டது இதைத்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவனும் அவளும் அந்தத் தொட்டியும்தான் குடும்பம். இந்தக் குடும்பத்தில் அவன் பொய் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்திருந்தால் சாய நெடி என்று சொல்லியிருப்பாள்.

மூன்றாவது விளக்கை எதிர்வீட்டு டீச்சர் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வு பெற்றவர். மாடிப்படியின் போக்குவரத்து மொத்தமும் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது என்று நினைப்பு.

"ஏம்மா, உங்க மீனுக்கு மட்டும் பகலெல்லாம் வெளிச்சமா? வாசக்கதவுக்கு மேல இருக்கற கண்ணாடியில தெரியுது. மீனுக்கு நல்லதுதான் போல."

"ஆமா டீச்சர். மீனுக்கு நல்லது" என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆலைக்குப் போய், தலைவலி என்று சொல்லி, பத்தரைக்கு வெளியே வந்தாள். பஸ் பிடித்து வந்து தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். சொந்த வீட்டுக்கே திருடி மாதிரி போகிறோமே என்று ஒரு கணம் அவமானமாக இருந்தது. கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம். அவள் நாற்பது நூலைப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே வெள்ளை.

கதவில் காதை வைத்தாள். உள்ளே அவன் குரல். தணிந்த குரல்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. பயப்படாதே. வெளிச்சம் இருக்கு பாரு."

அவளிடம் அவன் அப்படிக் கனிந்து பேசி எத்தனை நாளாயிற்று! உடம்பு முழுக்க எரிந்தது. சாவியைப் போட்டுத் திருகி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எங்க அவ?"

கூடத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். வலப்பக்கத்து நாற்காலியில், சீருடையோடு, ஷூ மாட்டிய காலோடு, கருவிப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாய்ந்த விளக்கின் வெளிச்சம் அவன் முகத்திலும் கையிலும் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன்களெல்லாம் அவன் முகத்துக்கு நேராகக் கூடியிருந்தன.

"எவ?" என்றான்.

அவள் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாள். அதில் புடவைகளுக்கே இடமில்லை. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"மீன்கிட்ட" என்றான். கொஞ்சம் பொறுத்து, "என்கிட்ட" என்றான்.

"ரெண்டு டம்ளர் எதுக்கு?"

"ஒண்ணு டீக்கு. ஒண்ணு தண்ணிக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். "வேலைக்கு ஏன் போகல?"

அவன் பையின் வாரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "முதுகு வலின்னு லீவு எழுதிக் குடுத்திருக்கேன். மூணு வாரம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாள், அந்த ஏழு மாடி ஆஸ்பத்திரி இருக்கே, அங்க லிஃப்ட்டுக்குக் கீழ இருக்கற குழிக்குள்ள இறங்கி வேலை பாத்துக்கிட்டிருந்தேன். பல்பு பியூஸ் போயிடுச்சு. மேல இருந்தவன் நான் வெளிய வந்துட்டேன்னு நினைச்சு லிஃப்ட்டை இறக்கிட்டான். சத்தம் வருது, எதுவும் தெரியல. அப்படியே தரையோட படுத்துட்டேன். தலைக்கு மேல ஒரு முழத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் மேல ஏறல. பத்து நிமிஷம்தான்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தெரியல."

அவள் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"மறுநாள் போனேன். குழியோட மூடியத் திறந்தேன், இறங்க முடியாம திரும்பி வந்துட்டேன். இப்ப இருட்டுன்னாலே முடியல. பகல்ல ஜன்னல் சாத்தின கூடம்கூட முடியல. ஜன்னலத் திறந்தா தெருவுக்குத் தெரிஞ்சிடும். கூடத்து லைட்டப் போட்டா டீச்சர் வந்து கதவைத் தட்டுவாங்க. மீன் தொட்டி விளக்குன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதான்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?" அவள் குரல் கிறீச்சிட்டது. பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆன நிம்மதி கோபமாகத்தான் வெளியே வந்தது. "இத்தனை நாளா நான் என்னென்ன நினைச்சுச் செத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"லிஃப்ட்காரன் இருட்டுக்குப் பயப்படறான்னு எப்படிச் சொல்றது? ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். வரல." அவன் விளக்கைப் பார்த்தான். "நீயா கேட்டா சொல்லிடலாம்னு நினைச்சேன். அதான் இதைத் திரும்பச் சரியா வைக்கல."

"என்ன?"

"எனக்கு வைக்கத் தெரியாதா? ரசமட்டம் போட்டு வச்சவனே நான்தானே. ஒரு நூல் நகர்ந்தா நீ கண்டுபிடிச்சிடுவே. முதல்ல ரெண்டு விரல் நகர்த்தி விட்டேன். கேக்கல. மூணு விரல் நகர்த்தினேன். கோடு போட்டிருந்தே, பாத்தேன். சரி, கவனிச்சுட்டா, இன்னிக்குக் கேப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். நாலு விரல் நகர்த்தி, சாய்ச்சும் வச்சுட்டு, நேரா இருக்கான்னு நானே கேட்டேன். அப்பவும் நீ ஒண்ணும் கேக்கலையே."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூன்று விளக்கில் பார்க்காமல் பேசுவதில்லை என்று சொல்லலாம். நிச்சயமாகத் தெரிய வேண்டாமா என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதன் தினமும் ஒரு விரல் அதிகமாக நகர்த்தி நகர்த்திக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தது இல்லையென்று ஆகாது. தலையணையை மோந்து பார்த்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எத்தனை நாளாக ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கையில் இன்னும் செருப்பு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பயம் எப்ப வருது?" என்று கேட்டாள். "குழிக்குள்ள இறங்கும்போதா, இல்ல இறங்கறதுக்கு முன்னாடியேவா?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று அவன் ரொம்ப நாளாகக் காத்திருந்தது போலவும், வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போலவும் இருந்தது.

"காலையில ஷூ மாட்டும்போதே வந்துடுது" என்றான்.

"அப்ப மொதல்ல அதைக் கழட்டுங்க" என்றாள் அவள்.